அழ. வள்ளியப்பா பிறந்த நாள்: நூலகத்தில் 45 நிமிட நிகழ்ச்சிக்கு எதைச் சொல்ல, எதைப் பாட?

நூலகத்திண்ணை எழுதியது:

வணக்கம். நவம்பர் 7 குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பிறந்த நாள். அன்று மாலை நூலகத்தில் 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 40 பேருக்கு நிகழ்ச்சி. மொத்தம் 45 நிமிடம். மைக் உண்டு, புரொஜெக்டர் கிடையாது.

வாழ்க்கைக் குறிப்பு ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஆனால் தப்பு இருக்கக் கூடாது. இணையத்தில் தேடினால் 'நிலா நிலா ஓடி வா'விலிருந்து 'தோட்டத்தில் மேயுது' வரை எல்லாவற்றையும் அவர் பெயரில் போட்டிருக்கிறார்கள். எது அவருடையது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? இரண்டு பாட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாட வேண்டும், எப்படிப் பாடுவது? கடைசியில் பிள்ளைகளையே நாலு வரி எழுத வைக்கலாமா, அது நடக்கிற காரியமா?

—

பழையஏடு எழுதியது:

முதலில் பெயர். 'அழ.' என்பது தந்தை அழகப்பனின் பெயரிலிருந்து வந்த ஒரே தலைப்பெழுத்து. அதை 'அ. ழ.' என்று இரண்டு புள்ளி வைத்து உடைக்காதீர்கள். ஆங்கிலத்தில் ஏ, எல் என்று எழுதுவதைப் பார்த்து 'ஏ.எல். வள்ளியப்பா' என்று திரும்பத் தமிழாக்கி பேனர் அடிக்கிறார்கள், அதுவும் வேண்டாம். இயற்பெயர் வள்ளியப்பன்.

பிறந்தது 1922 நவம்பர் 7, ராயவரம். இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டம் என்கிறோம். அவர் பிறந்தபோது அது புதுக்கோட்டை சமஸ்தானம். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948, மாவட்டம் உருவானது 1974. ராயவரம் என்ற பெயரில் வேறு ஊர்களும் இருப்பதால் 'திருமயம் பக்கம், நகரத்தார் ஊர்' என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வரைபடத்தில் யாராவது ஆந்திராவைக் காட்டிவிடப் போகிறார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1940இல் சென்னை. வை. கோவிந்தனின் சக்தி காரியாலயம் என்ற பதிப்பகத்தில் வேலை. சக்தி இதழின் ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. (தி.ஜ. ரங்கநாதன்) எழுதச் சொல்லித் தூண்டினார். அப்படி எழுதிய முதல் கதையின் பெயர் 'ஆளுக்குப் பாதி'. லட்டைப் பாதி பாதியாகப் பங்கிடும் 'வட்டமான தட்டு' பாட்டுக்கும் இந்தத் தலைப்புக்கும் உள்ள பொருத்தம் தற்செயலாகவே இருக்கட்டும், பிள்ளைகளுக்குச் சொன்னால் ரசிப்பார்கள்.

1941இல் இந்தியன் வங்கியில் சேர்ந்து 1982இல் ஓய்வு. கணக்குப் போட்டால் 41 ஆண்டு. இந்த எண்ணைத் தவறாமல் சொல்லுங்கள். 'கவிஞர்' என்றதும் நாள் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இவர் பகலெல்லாம் வங்கியில் கணக்குப் பார்த்தவர். எழுதியது, இதழ் நடத்தியது, சங்கம் வளர்த்தது எல்லாம் அந்த வேலை போக மிஞ்சிய நேரத்தில்தான்.

முதல் தொகுதி 'மலரும் உள்ளம்', 1944, அதில் 23 பாட்டு. பிறகு 1954இல் அதே பெயரில் 135 பாட்டோடு, படங்களோடு பெரிய தொகுதி வந்தது. இரண்டாம் தொகுதி 1961. சில கட்டுரைகளில் 'முதல் நூல் 1954' என்று வருவதற்குக் காரணம் இதுதான். இரண்டு பதிப்பையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கியதில் முன்னின்றவர் அவர். என் கணக்கில் பாட்டுக்கு அடுத்து அவர் செய்த பெரிய காரியம் இதுதான். குழந்தைகளுக்கு எழுதுவது பெரியவர்களுக்கு எழுதத் தெரியாதவர்களின் வேலை என்ற நினைப்பு அப்போது பலமாக இருந்தது. இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்களை ஒரு சங்கமாக உட்கார வைத்தார்.

இதழ்ப் பணி தனி. பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கோகுலம் சிறுவர் இதழின் கௌரவ ஆசிரியர். மறைவு 1989 மார்ச் 16.

'பல்துறை' என்று ஒரு வார்த்தையில் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். புத்தகங்களை மேசையில் பரப்பினால் அதுவே பேசும். பாட்டுக்கு மலரும் உள்ளம், சிரிக்கும் பூக்கள். கதைப் பாட்டுக்கு ஈசாப் கதைப் பாடல்கள், பாட்டிலே காந்தி கதை. நாவலுக்கு நீலா மாலா, பர்மா ரமணி. பெரியவர்களின் வாழ்க்கைச் சம்பவங்களுக்குச் சின்னஞ்சிறு வயதில், பெரியோர் வாழ்விலே. விடுகதைத் தொகுப்பு உண்டு. நேஷனல் புக் டிரஸ்டுக்காக நதிகளைப் பற்றி எழுதிய நூல் உண்டு. நூலகத்தில் எது இருக்கிறதோ அதை மட்டும் வையுங்கள். இல்லாத புத்தகத்தின் அட்டையை நகலெடுத்து ஒட்டினால் பிள்ளை கேட்கும்போது கொடுக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. அவருக்கு 'பால சாகித்ய புரஸ்கார்' கிடைத்தது என்று எங்காவது கண்டால் எடுத்துக்கொள்ளாதீர்கள். சாகித்ய அகாதெமி அந்தச் சிறுவர் இலக்கிய விருதைத் தொடங்கியதே 2010இல்.

—

ஒன்றாம்வகுப்பு எழுதியது:

பாடுவதற்கு 'மாம்பழமாம் மாம்பழம்', 'வட்டமான தட்டு' இரண்டும் போதும். மூன்றாவது வேண்டுமென்றால் 'அம்மா இங்கே வா வா'. எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும், சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்.

—

பழையஏடு எழுதியது:

முதல் இரண்டும் சரி. மூன்றாவது வள்ளியப்பா எழுதியதல்ல. 'அம்மா இங்கே வா வா' மே.வீ. வேணுகோபாலப் பிள்ளை எழுதியது. உயிரெழுத்து வரிசையில் அ, ஆ, இ, ஈ என்று போகிற பாட்டு. இலக்கணத்தில் ஊறிய தமிழாசிரியர் எழுத்து வரிசையைப் பாட்டாக்கினார் என்று நினைவு வைத்தால் மறுபடி மாறாது.

கேள்வி கேட்டவருக்காக மற்றவற்றையும் பிரித்துவிடுகிறேன்.

'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. தேரூர்க்காரர், 1876இல் பிறந்து 1954இல் மறைந்தவர். வள்ளியப்பாவுக்கு ஒன்றரைத் தலைமுறை முந்தியவர். 'ஓடி விளையாடு பாப்பா' பாரதி, அது 1915இல் சுப்பிரமணிய சிவாவின் ஞானபாநு இதழில் வந்தது. 'நிலா நிலா ஓடி வா', 'கை வீசம்மா கை வீசு', 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு' மூன்றும் வாய்மொழிப் பாட்டு. அவற்றுக்கு ஆசிரியர் பெயர் போடுவதே தவறு. ஊருக்கு ஊர் வரி மாறும், அதுவே அடையாளம்.

ஒரு சந்தேகப் பாட்டு வந்தால் சோதிக்க எளிய வழி: மலரும் உள்ளம் இரண்டு தொகுதி, சிரிக்கும் பூக்கள் ஆகியவற்றின் பொருளடக்கத்தைப் பாருங்கள். பொருளடக்கம் பாட்டின் முதலடியில் இல்லாமல் தலைப்பில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 'வட்டமான தட்டு' என்று தேடினால் கிடைக்காது, அதன் தலைப்பு 'லட்டும் தட்டும்'. தேடிக் கிடைக்கவில்லை என்று 'அவருடையது இல்லை' என்ற முடிவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். யூடியூப் காணொளியின் விளக்கத்தை ஆதாரமாக எடுக்கவே எடுக்காதீர்கள். அங்கே எல்லாமே 'பாரம்பரியப் பாடல்' அல்லது எல்லாமே வள்ளியப்பா.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. நம் சட்டத்தில் பொதுக் கணக்கு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு. கவிமணி அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டார். வள்ளியப்பா 1989இல் மறைந்தவர். கட்டணமில்லாத நிகழ்ச்சியில் பிள்ளைகள் பாடுவது ஒன்று, பாட்டு வரிகளை அச்சடித்து விற்பதும் பதிவு செய்து சேனலில் ஏற்றுவதும் வேறு. பின்னதற்குப் பதிப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

—

தாளம்தட்டி எழுதியது:

பாடுவதைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு பாட்டுக்கும் தாள அமைப்பு வேறு. ஒரே மாதிரி தட்டினால் இரண்டாவது பாட்டு ஓடிப்போய்விடும்.

மாம்பழம் நாலு தட்டு: மாம் | பழமாம் | மாம் | பழம். அடுத்த வரி: மல் | கோவா | மாம் | பழம். இடைவெளியே இல்லாமல் நிறைந்த நாலு.

லட்டு மூன்று தட்டு, ஒரு ஓய்வு: வட்ட | மான | தட்டு | (சும்மா). அடுத்தது: தட்டு | நிறைய | லட்டு | (சும்மா). 'நிறைய' என்ற மூன்றெழுத்தும் ஒரே தட்டுக்குள் போக வேண்டும்.

தப்பு நடக்கிற இடம் அந்த 'சும்மா'தான். 40 பிள்ளைகள் ஒன்றாகச் சொன்னால் யாருமே காத்திருக்க மாட்டார்கள். ஓய்வை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவார்கள், நாலாவது வரிக்குள் வேகம் கூடிக் கூடி வார்த்தை குழம்பிவிடும். 'மெதுவா, மெதுவா' என்று மைக்கில் கத்திப் பயனில்லை. அந்த ஓய்வுக்கு ஒரு வேலை கொடுங்கள். மூன்று தட்டு கையில், நாலாவது தொடையில். உடம்பு வேலை செய்தால் வாய் காத்திருக்கும்.

இன்னொரு தப்பு, வரி முடிவில் 'லட்டூ, தட்டூ' என்று இழுப்பது. அது குற்றியலுகரம், பாதி மாத்திரைதான். 'ட்டு' என்று வெட்டிவிட வேண்டும். வரிக்கு வரி தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு என்று வல்லின இரட்டிப்பில் முடித்திருக்கிறார். அந்த ஒலியே கைதட்டல் மாதிரி. இழுத்தால் அதுவும் போச்சு, ஓய்வும் போச்சு.

சிலர் அச்சிடும்போது 'இலட்டு' என்று இலக்கண சுத்தமாக மாற்றுகிறார்கள், ல மொழிமுதல் வராது என்று. விதி உண்மை. ஆனால் இங்கே இகரம் ஒன்று முன்னால் வந்தால் தட்டு பிசகும். பிள்ளை வாயில் வருவது லட்டுதான், கவிஞர் எழுதியதும் லட்டுதான். விட்டுவிடுங்கள்.

சுருதி: எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பாடிக் காட்டும்போது தங்களுக்கு வசதியான கீழ் ஸ்தாயி 5, 5½ கட்டையில் தொடங்கிவிடுவார்கள். அவ்வளவு கீழே பிள்ளைகள் குரல் எழும்பாது, முணுமுணுப்பாகிவிடும். உடனே 'சத்தமா' என்போம், அவர்கள் கத்துவார்கள். கத்தலுக்குக் காரணம் பெரும்பாலும் சுருதிதான், பிள்ளைகள் அல்ல. சுருதிப்பெட்டி இல்லையென்றால் கைப்பேசிச் செயலி போதும்.

வேகம்: நிமிடத்துக்கு 80 தட்டில் தொடங்கி, வரிகள் மனதில் பதிந்த பிறகு 100க்குப் போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மெட்டு? இதுதான் சரியான மெட்டு என்று ஒன்று கிடையாது. சொற்களின் நடையே பாதி மெட்டு. ச ரி க ப என்று நாலு சுரத்துக்குள் நிற்கிற மாதிரி எளிமையாக வைத்தால் எல்லாக் குரலும் சேரும்.

லட்டுப் பாட்டை நடிக்க வைத்தால் இன்னும் நல்லது. ஒரு எவர்சில்வர் தட்டு, மஞ்சள் காகிதத்தைக் கசக்கி உருட்டிய 8 உருண்டை, கிட்டுவாக ஒரு பிள்ளை, பட்டுவாக ஒரு பிள்ளை. எட்டில் பாதி நாலு, மீதி நாலு, கடைசியில் காலித் தட்டு. பாதி, கழித்தல், பூச்சியம் மூன்றும் ஒரு பாட்டுக்குள். நிஜ லட்டு வைக்காதீர்கள். நெய்க் கையோடு புத்தக அலமாரிக்குப் போவார்கள், தவிர முதல் சுற்றிலேயே எட்டு ஐந்தாகிவிடும்.

—

நூலகத்திண்ணை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கமாகச் சுருக்கிவிட்டேன். இரண்டு சந்தேகம்.

மாம்பழப் பாட்டில் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பழத்தைச் சேர்த்துப் பாடட்டும் என்று நினைத்தேன். இங்கே ருமானி அதிகம். 'ருமானி மாம்பழம்' என்று போட்டால் ஏதோ இடிக்கிறது. ஏன்?

பிள்ளைகளை எழுத வைக்க மாதிரிக்கு நாலு வரி எழுதினேன். படிக்க நன்றாக இருக்கிறது, தட்டிப் பார்த்தால் வரவில்லை:

அழகான நூலகம் எங்கள் ஊரில் இருக்கிறது
அங்கே நிறையப் புத்தகங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள்
படித்தால் அறிவு வளரும் பண்பும் வளரும்
ஆகவே பிள்ளைகளே தினமும் வாருங்கள்

—

யாப்புப்பித்தன் எழுதியது:

ருமானியை முதலில் பார்ப்போம். மல்கோவா என்பது மல்/கோ/வா. 'மல்' முதல் தட்டு, 'கோவா' இரண்டாம் தட்டு, இரண்டாவதில் இரண்டு நெடில் கனமாக உட்காருகிறது. ருமானி என்பது ருமா/னி. 'ருமா' முதல் தட்டில் போய்விட்டால் இரண்டாம் தட்டுக்கு மிஞ்சுவது 'னி' என்ற ஒற்றைக் குறில். கால் வைத்த இடத்தில் படி இல்லாத மாதிரி. அதுதான் இடிக்கிறது.

மாற்று: ருமா | னியாம் | மாம் | பழம். 'ஆம்' சேர்த்ததும் படி வந்துவிட்டது. வள்ளியப்பாவே முதல் வரியில் செய்திருப்பதும் இதுதான், 'மாம்பழமாம்'. அந்த 'ஆம்' வெறும் அலங்காரம் இல்லை, தட்டை நிரப்புகிற கல்.

மற்றப் பழங்கள்: செந்தூரா அப்படியே உட்காரும் (செந் | தூரா). அல்போன்சா, சரி (அல் | போன்சா). இமாம்பசந்து, சரி (இமாம் | பசந்து). காலாப்பாடி, சரி (காலாப் | பாடி). பங்கனபள்ளி அசை எண்ணிப் பார்த்தால் மிகுதி, ஆனால் 'பங்கன | பள்ளி' என்று பிரித்துத் தட்டினால் வந்துவிடும். 'பங் | கனபள்ளி' என்று பிரித்தால் நாக்குச் சுளுக்கும். நீலத்துக்கு ஒட்டுப் போட வேண்டும்: நீலம் | என்னும் | மாம் | பழம்.

இனி உங்கள் நாலு வரி. வெளிப்படையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும், அது பாட்டு இல்லை, அறிவிப்புப் பலகை. எங்கே கெட்டது என்று பாருங்கள்.

ஒன்று, வரி நீளம். முதல் வரியில் ஐந்து சொல், இரண்டாவதிலும் ஐந்து, ஆனால் 'வைத்திருக்கிறார்கள்' என்ற ஒரே சொல்லில் மூன்று தட்டுப் போய்விடுகிறது. இருக்கிறது, இருக்கிறார்கள், கொண்டிருக்கிறோம் வகை வினைகள் உரைநடைக்கு. பாட்டில் 'உண்டு', 'வரும்', 'போகிறேன்' போன்ற குட்டி வினைகள் வேண்டும்.

இரண்டு, எதுகை இல்லை. எதுகை என்பது வரிகளின் இரண்டாம் எழுத்து ஒத்திருப்பது. மோனை முதலெழுத்து. உங்களுக்கு அழகான, அங்கே என்று மோனை தற்செயலாக விழுந்திருக்கிறது. எதுகைக்கு எந்த வரியும் உதவவில்லை. பிள்ளை பாட்டை நினைவில் வைப்பது பொருளை வைத்து இல்லை, இந்தக் கொக்கிகளை வைத்துத்தான்.

மூன்று, பார்க்க ஒன்றும் இல்லை. அறிவு, பண்பு இரண்டையும் கையால் தொட முடியாது. லட்டைத் தொடலாம், எண்ணலாம், வாயில் போடலாம். நாலாவது வரி உபதேசம். வள்ளியப்பாவிடம் உபதேசப் பாட்டே இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் நிலைத்து நிற்பவை எவை என்று பாருங்கள். பங்கு போட்டுத் தின்ன வேண்டும் என்று லட்டுப் பாட்டு எங்கும் சொல்லவில்லை. கிட்டுவுக்கு நாலு, பட்டுவுக்கு நாலு, அவ்வளவுதான்.

அதே விஷயத்தை இப்படி மாற்றிப் பார்க்கலாம்:

எங்கள் தெருவில் நூலகம்
எட்டு மணிக்குத் திறந்திடும்
தங்கை கையைப் பிடித்துநான்
தாவித் தாவிப் போகிறேன்

பக்கம் ஒன்றைத் திருப்பினேன்
பாயப் பார்க்கும் பெரும்புலி
அக்கா என்று கத்தினேன்
அச்சுப் படமாய் நின்றது

எட்டு வரிக்கும் ஒரே வாய்பாடு (சீரின் அசை அமைப்பைச் சொல்லும் பெயர்): மா, மா, விளம். எங்கள் (தேமா) தெருவில் (புளிமா) நூலகம் (கூவிளம்). தேமாவும் புளிமாவும் ஒன்றுக்கொன்று மாறி வரலாம், கூவிளமும் கருவிளமும் மாறி வரலாம். தட்டு நாலு: எங்கள் | தெருவில் | நூ | லகம். கடைசிச் சீர் மட்டும் இரண்டு தட்டாகப் பிரியும். எதுகை எங்கள், தங்கை, பக்கம், அக்கா. மோனை எங்கள், எட்டு, தங்கை, தாவி, பக்கம், பாய, அக்கா, அச்சு.

'பிடித்து நான்' என்று பிரித்து எழுதாமல் சேர்த்து எழுதியது வாய்பாட்டுக்காக மட்டும். சார்ட்டில் எழுதும்போது பிரித்தே எழுதுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'துநான்' என்று ஒரு சொல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். 'பெரும்புலி' மட்டும் எனக்கே கொஞ்சம் புலவர் வாடை அடிக்கிறது. யாராவது நல்ல சொல் தந்தால் மாற்றிவிடலாம்.

—

ஒன்றாம்வகுப்பு எழுதியது:

மே.வீ.வே. திருத்தத்துக்கு நன்றி, குறித்துக்கொண்டேன்.

பெரும்புலிக்கு 'வரிப்புலி' போடுங்கள். அதே கருவிளம், பிள்ளைக்குப் படமும் தெரியும்.

ஆனால் நண்பர்களே, தேமா புளிமாவைத் தயவுசெய்து மேடைக்குக் கொண்டுவராதீர்கள். அது நடத்துபவரின் சட்டைப்பையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குத் தட்டு போதும். வெறும் தாளைக் கொடுத்து 'நாலு வரி எழுது' என்றாலும் நடக்காது. 40 பேரில் முப்பது பேர் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் தெரிந்த பாட்டையே எழுதித் தருவார்கள்.

இப்படிச் செய்யலாம். ஐந்து பேராக எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கடைசி ஒலி: ட்டு, ண்டி, ப்பு, த்தை, க்கு, ல்லி, ம்மா, ஞ்சி. முதலில் அந்த ஒலியில் முடிகிற சொற்களை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ண்டி என்றால் வண்டி, நொண்டி, தண்டி. ஞ்சி என்றால் கஞ்சி, இஞ்சி, பஞ்சு என்று ஒருவன் சொல்வான், அதைத் திருத்துவதே ஒரு பாடம். ஆறு சொல் சேர்ந்த பிறகு, அதில் இரண்டை வைத்து இரண்டே வரி. நாலு வரி வேண்டாம். எட்டுக் குழுவும் இரண்டு வரி சொன்னால் பதினாறு வரிப் பாட்டு கையில் வந்துவிடும்.

'ங்கு' மாதிரி ஒலிகளைத் தவிருங்கள். சங்கு, நுங்கு, பங்கு என்று சொல் கிடைக்கும், ஆனால் பிள்ளைகள் எல்லாவற்றையும் குரங்கில் கொண்டுபோய் முடிப்பார்கள், பிறகு மண்டபமே குரங்காகிவிடும்.

நேரம்: வாழ்க்கை 5, மாம்பழம் 10, லட்டு 12, எழுதுவது 13, புத்தகம் பார்ப்பது 5. வாழ்க்கையை முதலில் வைக்காதீர்கள். மாம்பழத்தைப் பாடிவிட்டு 'இதை எழுதினவர் பேங்கில் வேலை பார்த்தவர்' என்று தொடங்கினால் காது கொடுப்பார்கள். பாட்டுக்கு முன்னால் ஆண்டுக் கணக்குச் சொன்னால் ஐந்து நிமிடம் பத்தாகும், பின்வரிசை பேசத் தொடங்கும்.

—

நூலகத்திண்ணை எழுதியது:

வரிப்புலி பிரமாதம். கடைசியாக ஒன்று: பாட்டை சார்ட்டில் எழுதி மாட்டப் போகிறேன். பின்வரிசை சுமார் 20 அடி தூரம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

—

தாளம்தட்டி எழுதியது:

10 அடிக்கு 1 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 அடிக்கு 2 அங்குல உயரம். கடையில் கிடைக்கிற சார்ட் 22க்கு 28 அங்குலம். நிமிர்த்தி மாட்டினால் வரிக்கு 2, இடைவெளிக்கு ஒன்றரை, ஆறு வரி 21 அங்குலம், மேலும் கீழும் விளிம்பு போக அதுதான் அளவு. லட்டுப் பாட்டு முழுதையும் ஒரே சார்ட்டில் அடைக்க வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். இடைவெளியைக் குறைத்தால் மேல் வரியின் 'து', 'நு' சுழியும் கீழ் வரியின் 'கி', 'ரீ' மேல் வளைவும் முட்டிக்கொள்ளும்.

கறுப்பு மார்க்கரில் எழுதி, 'ட்டு' மட்டும் சிவப்பில். மஞ்சள், வெளிர் பச்சை மார்க்கர் 20 அடியில் தெரியவே தெரியாது. ஓய்வு வருகிற இடத்தில் ஒரு சின்ன வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினால் தொடையில் தட்ட வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

—

பழையஏடு எழுதியது:

சார்ட்டின் அடியில் பாட்டின் தலைப்பு, கவிஞர் பெயர், எந்தத் தொகுதி மூன்றையும் எழுதிவிடுங்கள். ஆசிரியர்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பெயர் இல்லாமல் போனால் அடுத்த ஆண்டு அதுவும் 'பாரம்பரியப் பாடல்' ஆகிவிடும். வெட்டிப் பகிர்வதைத் தடுக்க, பெயரைக் கீழ் ஓரத்தில் தள்ளாமல் கடைசி வரிக்கு ஒட்டியே எழுதுங்கள்.